முதல் பட்டம் சிறியதாக இருக்கட்டும்

ஆளையே இழுக்கும் பட்டமான பவர் கைட் வாங்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என் எடைக்கு எத்தனை சதுர மீட்டர் சரியாக இருக்கும்?" என்பதுதான். "எந்தக் கரையில், எந்த மாதத்தில் விடப்போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் கைட் சர்ஃபிங் காலூன்றிய பிறகு, கடலில் இறங்குமுன் மணலில் ஒரு பட்டத்தைப் பழகிப் பார்க்க நினைக்கும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல வழிதான். மணலில் பழகிய கை தண்ணீரில் பதறாது.

எடையைவிடக் காற்றை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டத்தின் பரப்பு இரண்டு மடங்கானால் இழுவையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகிவிடும். காலையில் 8 நாட் வேகத்தில் வீசிய காற்று மதியத்துக்குள் 16 நாட்டைத் தொடுவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நம் கரைகளில் சாதாரணம். காலையில் "இன்னும் கொஞ்சம் பெரிதாக வாங்கியிருக்கலாமே" என்று நினைக்க வைத்த அதே பட்டம் மதியம் ஆளைத் தரதரவென்று இழுத்துப்போகும். அதனால் முதல் பட்டம் 2 முதல் 3 சதுர மீட்டருக்குள் இருக்கட்டும். நல்ல உடற்கட்டு உள்ளவருக்கும் இதைத்தான் சொல்வேன். 5 மீட்டரில் தொடங்குகிறவர் இழுவையைச் சமாளிப்பதிலேயே களைத்துப் போவார். ஓட்டப் பழகுவதற்கு அவருக்கு நேரமே கிடைக்காது.

அடுத்தது, பட்டத்தின் வகை. காற்றடைத்த குழாய் கொண்ட பட்டம் தண்ணீருக்கானது. பிரான்சின் லெகேனு சகோதரர்கள் 1984-இல் அதற்குக் காப்புரிமை கேட்டதே, கடலில் விழுந்தாலும் மிதந்து மீண்டும் எழ வேண்டும் என்பதற்காகத்தான். மணலில் பழக ஃபாயில் போதும். டொமினா ஜால்பெர்ட் 1960-களில் உருவாக்கிய பாராஃபாயிலின் வழிவந்தது இது. குச்சி கிடையாது, சட்டம் கிடையாது. முன்விளிம்பில் வரிசையாகத் திறந்திருக்கும் வாய்கள் வழியே காற்று புகுந்து, அறைகள் உப்பி, துணியே இறக்கையாகிவிடும். விழுந்தால் முறிய எதுவும் இல்லை. ஆனாலும் வேகமாக மூக்குக் குத்தினால் உள்தடுப்புத் துணி கிழியக்கூடும். அதையும் மனதில் வைக்க வேண்டும்.

லைன் எத்தனை என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. இரண்டு லைன் பட்டம் மலிவு, எளிது, சுறுசுறுப்பானது. ஆனால் பிரேக் கிடையாது. கடலுக்குத்தான் போகப்போகிறேன் என்பவர் பார் (இரு கையாலும் பிடிக்கும் தண்டு) பொருத்திய மூன்று லைன் பட்டத்தை வாங்கலாம். அதன் மூன்றாவது லைன் மணிக்கட்டுப் பட்டையோடு இணைந்திருக்கும். பாரை விட்டதும் பட்டம் பலம் இழந்து இறங்கிவிடும். நிலத்திலேயே விளையாட விரும்புகிறவருக்கு இரண்டு கைப்பிடியும் நான்கு லைனும் உள்ளதுதான் என் தேர்வு.

அதன் பிரேக்கை ஒருமுறை உணர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பட்டம் தலைக்கு மேல் நிற்கும்போது இழுவை மெலிதாகவே இருக்கும். அதை முன்பக்கமாகத் தாழ இறக்கிக் காற்றுப் பாதையின் நடுவுக்குக் கொண்டுவந்தால் தோள் விறைக்கும், குதிகால் மணலில் புதையும். அப்போது கைப்பிடிகளின் கீழ்முனையை உடம்பை நோக்கி மெல்லச் சாய்த்தால் பின்விளிம்பு மடிந்து, உப்பியிருந்த அறைகள் தளர்ந்து, பட்டம் பின்வாங்கியபடியே மணலில் போய் உட்காரும். அந்த இரண்டு விரற்கடை அசைவு கைக்கு வந்துவிட்டால் பயம் போய்விடும். முதல் நாளில் நான் பறக்க வைப்பதைவிட இறக்குவதையே அதிகம் பழக்குவேன்.

பழைய பட்டம் வாங்குவதில் தவறில்லை. துணியை உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் வந்தால் அந்தத் துணி வெயிலில் நைந்துவிட்டது, வேண்டாம். லைன்களை ஒரு முளையில் மாட்டி, இழுத்துப் பிடித்து, ஜோடி ஜோடியாக நீளம் பாருங்கள். நீளம் மாறினால் பட்டம் ஒரு பக்கமாகவே சாயும். லைன்கள் டைனீமா என்ற இழையாலானவையா என்றும் கேளுங்கள். அது எஃகுக்கு இணையான உறுதி கொண்டது, சூட்டைத்தான் தாங்காது. பட்டம் மேலே இருக்கும்போது யாரும் லைனை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, தோலை அறுத்துவிடும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சவுக்குத் தோப்புக்கோ கட்டடத்துக்கோ பின்னால் காற்று சுழன்று சுழன்று வரும். எந்தப் பட்டமும் அங்கே ஒழுங்காக நிற்காது. மின்கம்பி கண்ணில் படும் இடமே வேண்டாம். காற்று போகும் திசையில், லைன் நீளத்தைப்போல இரண்டு மடங்காவது ஆளில்லாத வெளி இருக்க வேண்டும்.

நான்கு லைன் பட்டத்துக்கும் மணிக்கட்டுப் பட்டைகள் உண்டு. பிரேக் லைன்களோடு இணைந்திருக்கும் அவை, கைப்பிடியை விட்ட கணத்தில் பட்டத்தைச் செயலிழக்க வைக்கும். பல கடைகளில் அவற்றைத் தனியாகத்தான் விற்கிறார்கள். பணம் போதவில்லை என்றால் பட்டத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டைகளை வாங்காமல் மட்டும் கடையைவிட்டு வராதீர்கள்.