தள்ளுவண்டியின் கீல்

குழந்தைத் தள்ளுவண்டி வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது நிறத்தையல்ல, கீலை. ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றிய பிரித்தானியப் பொறியியலாளர் ஓவன் மக்லாரன், 1965இல் குடைபோல் மடியும் இலகு வண்டியை வடிவமைத்தார். பெற்றோருக்கு அது வரப்பிரசாதமாயிற்று. ஆனால், கீலில் அகப்பட்டுக் குழந்தைகளின் விரல்நுனிகள் துண்டிக்கப்பட்டதையடுத்து, 2009இல் அமெரிக்காவில் அவர் பெயரிலான நிறுவனத்தின் சுமார் பத்து இலட்சம் வண்டிகள் மீள அழைக்கப்பட்டு, கீலுறைகள் வழங்கப்பட்டன.

அச்செய்தி மனதில் இருந்ததால், பேத்திக்கு வண்டி தேடியபோது கீல் மூடப்பட்டுள்ளதா என்று தடவிப் பார்த்தேன். தோள், இடுப்பு, கால்களுக்கிடை என ஐந்து முனைப் பட்டி உண்டா, மிதித்தால் சக்கரங்கள் உறுதியாகப் பூட்டுகின்றனவா என்றும் பார்த்தேன். வெள்ளவத்தை நடைபாதையின் மேடுபள்ளங்களுக்குச் சிறுசக்கர வண்டி ஆகாதென விட்டுவிட்டேன்.

தலை நிற்காத சிசுவுக்கு முழுதாகச் சாயும் இருக்கை வேண்டும். கைப்பிடியில் பைகளைத் தொங்கவிடாதீர்கள். வண்டி பின்புறம் கவிழும். மடிக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளையை எட்ட நிறுத்துங்கள். அந்த விரல்கள் அகப்பட்டது வண்டியை விரிக்கையில்தான்.