எண்ணெய் குடிக்கும் வண்டி

எங்கள் வீட்டு வாசலில் ஒரு டீஸல் ஜீப் நிற்கிறது. என் தகப்பனார் எனக்கு வைத்துவிட்டுப் போன ஆஸ்தி அது. அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதாவது, நாற்பதைத் தாண்டியாயிற்று. மேட்டில் ஏறினால் இருவருக்கும் மூச்சு வாங்கும். அதிகாலையில் இருவரும் இலேசில் எழுந்திருப்பதில்லை. டீஸல் விலை ஏறுகிற வேகத்தில் உபாத்தியாயர் சம்பளம் ஏறுவதாகவும் காணோம்.

ஒருநாள் வகுப்பில் எஞ்சினைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பொருட்காட்சியில் ஒரு டீஸல் எஞ்சினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்றும், எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீஸலே 1912-ல் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார் என்றும் கூறினேன். உடனே கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்படியானால் உங்கள் ஜீப்பில் ஏன் ஊற்றிப் பார்க்கக்கூடாது, ஸார்?" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

கடலை எண்ணெயின் விலையை விசாரித்ததும் ஆசையில் பாதி போயிற்று. மற்றப் பாதி வேறொரு கணக்கினால் போயிற்று. நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்குகிறது. இது எல்லோரும் அறிந்ததே. சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்? ஒரு கப்பலைத் தவிர்ப்பதற்காக இன்னொரு கப்பலை வரவழைப்பது சுதேசி தர்மம் ஆகுமா? மனிதர் சாப்பிடும் பொருளை ஜீப்புக்கு வார்ப்பது எந்தத் தர்மமும் ஆகாது.

அப்போதுதான் பொரித்து மிஞ்சிய எண்ணெயின் ஞாபகம் வந்தது. எங்கள் தெருக் கோடியிலுள்ள கல்யாண மண்டபத்துச் சமையற்காரரிடம் போய்க் கேட்டேன்.

"தாராளமாய் எடுத்துக்கொள்ளுங்கள், ஸார். ஆனால் வாடிக்கையாக வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் கொடுக்கிற விலையைக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

"அவர் எதற்கு வாங்குகிறார்?"

சமையற்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாலையோரக் கடைகளுக்குப் போகிறது, ஸார். மறுபடியும் பஜ்ஜி போடத்தான்."

மாலை வேளையில் என் மாணவர்கள் ஈயாய் மொய்க்கும் பஜ்ஜிக் கடை என் கண்முன் வந்து நின்றது. அன்றைக்கே 10 லிட்டர் வாங்கினேன்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. துணியில் ஒரே தடவை வடிகட்டி, டீஸலோடு சரிபாதி கலந்து ஊற்றினேன். நாலு நாள் வண்டி ஜோராக ஓடிற்று. போகிற தெருவெல்லாம் வடை மணம். "இன்றைக்கு யார் வீட்டுக் கல்யாணம்?" என்று என் மனைவி கேட்டாள். ஐந்தாம் நாள் காலையில், மார்கழிப் பனியில், வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது.

மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். பசையும் பருப்புத் தூளுமாக அடைத்துக்கொண்டிருந்தது. "பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நீங்களே இப்படிச் செய்யலாமா, வாத்தியாரய்யா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வந்தது.

பழைய டீஸல் வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்காக, பிற்பாடு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். தாவர எண்ணெய் டீஸலைவிடச் சுமார் பத்து மடங்கு பிசுபிசுப்பானது. அது நல்ல தூவானமாகத் தெறிக்காது. அரைகுறையாய் எரிந்து இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படியும். பிஸ்டன் வளையங்களை ஒட்டவைக்கும். ஆகவே சிலர் வண்டியில் இரண்டு டாங்க் வைத்துக்கொள்கிறார்கள். டீஸலில் கிளப்பி, எஞ்சினின் வெந்நீரால் எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு அதற்கு மாற்றி, நிறுத்துவதற்குமுன் மறுபடியும் டீஸலுக்கு வந்துவிடுவார்கள். பழைய எஞ்சின்களில் சில இதைப் பொறுத்துக்கொள்ளும். இக்காலத்து எஞ்சின்களின் நுட்பமான இன்ஜெக்டர்கள் பொறுக்கமாட்டா.

மற்றொன்று ரஸாயன வழி. எண்ணெயோடு மெதனாலும் காரமும் சேர்த்தால் கிளிஸரின் அடியில் தங்கிவிடும். மேலே நிற்பது பயோடீஸல். ஆனால் மெதனால் கண்ணைப் பறிக்கும் விஷம், சட்டென்று தீப்பற்றும். வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்கிற காரியமல்ல.

அதிர்ஷ்டவசமாக, 2018-ஆம் ஆண்டில் சர்க்காரின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், எந்த அளவுக்குக் கெட்ட எண்ணெயில் மறுபடி சமைக்கக்கூடாதென்று வரம்பு விதித்தது. அத்தகைய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீஸல் ஆலைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் தொடங்கிற்று. எங்கள் மண்டபத்து எண்ணெய் இப்போது அவ்வழியில்தான் போகிறது. பழைய வாடிக்கைக்காரர் கொடுத்ததைவிட விலை சற்றுக் குறைவு. அந்த வித்தியாசத்தை மாதந்தோறும் நான் கொடுத்துவிடுகிறேன்.

ஜீப் பழையபடி டீஸலே குடிக்கிறது. மிச்சம் பிடிக்கப் போனவனுக்குச் செலவு கூடியதுதான் கண்ட பலன். "கடைக்காரன் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வான், வாத்தியாரய்யா" என்கிறார் மெக்கானிக். வாங்கலாம். ஆனால் எங்கள் தெருக் கல்யாணத்து எண்ணெய் அந்தக் கடைசிப் பெஞ்சுப் பையன் வயிற்றுக்குள் போகவில்லை. இந்த மாதத்துப் பணத்தையும் நேற்றுத்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.