தடைக்காலத்தின் கடைசி வாரம்

ஜூன் இரண்டாவது வாரம். தூத்துக்குடியில் திருச்செந்தூர் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. வாசலில் மீன் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே ஒரு பிக்கப் பின்பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. ஏப்ரல் 15இல் தொடங்கிய மீன்பிடித் தடை ஜூன் 14உடன் முடிகிறது. அந்த 61 நாளும் விசைப்படகு கட்டிக் கிடந்தால், அதை நம்பி ஓடும் வண்டியும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஐஸ் கம்பெனி மதிலோரம், துறைமுகத்துப் பக்கத்து மணல் திடல், வீட்டு வாசல் என்று நின்றவை இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வருகிற வண்டிகளில் பாதிக்கும் ஒரே குறைதான்.

"அண்ணே, அறுபதுக்கு மேல போனா அடியில கும்முனு ஒரு சத்தம் கேக்கு. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா கொஞ்சம் அடங்குது. நிறுத்தும்போது வண்டி நல்லாத்தானே இருந்துச்சு?"

டிரைவரின் கேள்விக்கு மேஸ்திரி பதில் சொல்லவில்லை. அறுபதை நெருங்கிய மனிதர். முழங்கை வரை கிரீஸ். விரல் நுனிகள் மட்டும் துடைத்துச் சுத்தமாக இருக்கின்றன. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, நியூட்ரலில் இருக்கும் வண்டியின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றுகிறார். இன்னொரு கையின் உள்ளங்கை, ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் தகட்டின் மேல் இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறார். பிறகு பட்டறைப் பையனைக் கூப்பிட்டு அவன் உள்ளங்கையை அதே இடத்தில் வைக்கச் செய்கிறார்.

"என்ன தெரியுது?"

"நரநரங்குது மாமா."

"மணல் இல்லல அது. துரு."

நீளமான சேஸிஸ் உள்ள வண்டிகளில் இந்த ஷாஃப்ட் இரண்டு துண்டாக வரும். அவை சேரும் இடத்தைத் தாங்குவதுதான் சென்டர் பேரிங்: ஒரு பால் பேரிங், அதைச் சுற்றித் தடித்த ரப்பர் குஷன், அதை சேஸிஸில் பூட்டும் இரும்புப் பட்டை. வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும்போது இந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்று சுற்றும். எஞ்சின் தரும் இழுவை முழுவதும் இதன் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகிறது. ஆனால் வண்டிக்காரர்கள் கண்ணில் படாத உறுப்பும் இதுதான். டயரைப் பார்ப்பார்கள், பிரேக்கைப் பார்ப்பார்கள். குனிந்து வயிற்றுப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு.

ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் மேஸ்திரி இரண்டு பக்கத்து யோக்கிலும் உளியால் ஒரே நேர்க்கோடு கீறுகிறார். திரும்பப் பூட்டும்போது இரண்டு கீறலும் ஒரே நேரில் வரவேண்டும். மாறினால் பேலன்ஸ் போய், புது பேரிங்கும் அதிர்ந்தே சாகும். அவசர வேலையில் முதலில் விட்டுப்போவது இந்தக் கீறல்தான் என்று நினைக்கிறேன். அவர் விடவில்லை.

பழைய பேரிங் புல்லரில் கழன்று வருகிறது. 6206, பின்னால் 2ஆர்எஸ். அதாவது 30 மி.மீ. உள்விட்டம், இரண்டு பக்கமும் ரப்பர் சீல். வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. பையன் அதைத் தூக்கி எறியப் போகிறான். மேஸ்திரி வாங்கிக்கொள்கிறார். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் சீலை நெம்பி எடுக்கிறார். உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் வெளுத்துத் திரிந்து ஒரு ஓரமாக ஒட்டிக்கிடக்கிறது. மற்ற இடமெல்லாம் செம்பழுப்பு நீர். கூண்டின் ரிவெட்டுகளை உளியால் வெட்டி, ஒன்பது உருண்டைகளையும் ஒருபக்கமாக ஒதுக்கி, உள்வளையத்தைத் தள்ளி எடுக்கிறார். வெளிவளையத்தை டீசலில் அலசி வெளிச்சத்துக்குக் காட்டுகிறார். பளபளவென்ற ஓடுபாதையின் ஒரு பாதியில் மட்டும், சம இடைவெளி விட்டு, நான்கு கறுத்த கறைகள். ஒவ்வொன்றும் ஒரு உருண்டை உட்கார்ந்திருந்த இடம்.

டிரைவர் வாங்கிப் பார்க்கிறார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஓடும்போது உள்ளே போன தண்ணீர் ஓட்டத்தில் கிரீஸோடு கலந்து சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றதும் மெதுவாகப் பிரிந்து கீழே வடிந்து, உருண்டையும் வளையமும் தொடும் இடத்தில் தங்கும். அந்த இடுக்கில் தலைமுடியை விட மெல்லிய இடைவெளிதான். நீர் அங்கே பிடித்துக்கொண்டால் எளிதில் வெளியேறாது. இரண்டு மாதம் அசையாமல் நின்றால் எஃகை அரித்துக் குழி பறிக்க அதுவே போதும். அதன்பின் வண்டி கிளம்பும்போது ஒவ்வொரு உருண்டையும் அந்தக் குழிகளில் விழுந்து விழுந்து ஏறுகிறது. குழியின் விளிம்பு பெயர்கிறது, பெயர்ந்த துகள் மற்ற இடங்களையும் கீறுகிறது. டிரைவர் கேட்ட 'கும்' அதுதான். நிறுத்தும்போது நன்றாக இருந்த வண்டி நின்ற இடத்திலேயே கெட்டுப்போனது இப்படித்தான்.

"சீல் போட்ட பேரிங்தானே அண்ணே. தண்ணி எப்படி உள்ள போவும்?"

இந்தக் கேள்விக்கு மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டுத் திரும்புகிறார். இதை அவர் பலமுறை சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் முதல்முறை சொல்வதுபோலவே பொறுமையாகச் சொல்கிறார்.

"சீல் போட்டாலும் அது மூச்சு விடும் தம்பி. சூடானா காத்து வெளிய போவும். குளுந்தா உள்ள இழுக்கும். இழுக்கும்போது வாசல்ல என்ன நிக்கோ அதைத்தான் இழுக்கும்."

இதைவிடச் சரியாக ஒரு பொறியியல் புத்தகமும் சொல்லிவிட முடியாது. சீல் உள்ள பேரிங்கின் வெற்றிடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கிரீஸ் இருக்கும், மீதி காற்று. நெடுந்தூரம் ஓடி 70 டிகிரிக்குச் சூடான பேரிங்கின் மேல் 30 டிகிரித் தண்ணீர் விழுந்தால் உள்ளிருக்கும் காற்று பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்பில் ரப்பர் உதட்டின் விளிம்பில் நிற்கும் நீர் துளித்துளியாக உள்ளே நுழையும். போவது சுலபம், திரும்புவது கடினம். பேரிங் எஃகில் குரோமியம் ஒன்றரை சதவீதம்தான். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வாங்க அது பத்தரை சதவீதமாவது இருக்க வேண்டும். தண்ணீரை எதிர்த்து நிற்க பேரிங் எஃகுக்கு இருக்கும் ஒரே காவல் மேலே படிந்த கிரீஸ்தான்.

நுழைவது வெறும் தண்ணீராக இருந்தால்கூடக் கொஞ்சம் தாங்கும். மீன் பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் நீர் கடல் உப்போடு வருகிறது. பெட்டியின் அடியில் ஒழுகி, சேஸிஸில் இறங்கி, சொட்டுச் சொட்டாக விழும் வழியில்தான் ஷாஃப்ட் இருக்கிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாக நீரை இழுத்துக் கரையும். கடல் நீரில் அதோடு மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். கடலோரத்தில் உச்சி வெயிலிலும் காற்று அதைவிட வறண்டுபோவது அபூர்வம். ஆகவே, கழுவாமல் நிறுத்திய மீன் வண்டியின் அடிப்பாகம் பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் உண்மையில் காய்வதே இல்லை. ஊரைச் சுற்றி உப்பளங்களில் உப்பு அள்ளும் வண்டிகளுக்கும் இதே கதிதான்.

டிரைவர் தலையசைக்கிறார். "நிறுத்துறதுக்கு முன்னாடி வாட்டர் சர்வீஸ் குடுத்தேனே அண்ணே. அடியில டீசலும் அடிச்சுத் தந்தாங்க."

மேஸ்திரியின் முகம் மாறுகிறது. கோபம் இல்லை, வருத்தம். பழைய குஷனை எடுத்து டிரைவரின் விரலால் அழுத்தச் செய்கிறார். ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, விரல் பதிந்த இடம் எழாமல் கிடக்கிறது. பேரிங்கின் சீல் நைட்ரில் ரப்பர்; எண்ணெயைத் தாங்கும். வெளியே இருக்கும் குஷனோ பெரும்பாலும் இயற்கை ரப்பர். டீசலைக் குடித்து ஊதிவிடும். இரும்பைக் காப்பாற்ற அடித்த டீசல் ரப்பரைத் தின்றிருக்கிறது. வாட்டர் சர்வீஸிலோ இன்னொரு கேடு. கேரளத்துக்குப் போய்த் திரும்பிய சூட்டோடு வண்டியை மேடையில் ஏற்றி, அழுத்தக் குழாயை நேராக பேரிங்கின் முகத்துக்கே காட்டுகிறார்கள். வளையும் உதட்டைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே போகும்; மிச்சத்தைச் சூடு ஆறும்போது பேரிங்கே இழுத்துக்கொள்ளும். பணம் கொடுத்து நல்லெண்ணத்தோடு செய்த வேலை அது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மனசு கஷ்டப்பட்டது.

புது பேரிங்கின் பெட்டியைத் திறக்கும் முன் மேஸ்திரி கையை சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஈரம் போகத் துடைக்கிறார். வியர்வையில் உப்பு உண்டு; விரல் ரேகை பட்ட இடத்திலேயே ரேகை ரேகையாகத் துரு பிடிக்கும். கடைக்காரர் சீலுக்குப் பதிலாகத் தகட்டு மூடி போட்டதைக் கொடுத்துவிட்டாரா என்று பின்னெழுத்தைப் பார்க்கிறார். தகட்டு மூடி தூசியைத் தடுக்கும்; அதன் விளிம்பில் எப்போதும் ஒரு மெல்லிய சந்து திறந்தே இருப்பதால் தண்ணீரைத் தடுக்காது. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தை எமரித் தாளால் தேய்த்து, துரு முழுவதும் போனபின் கிரீஸை மெல்லியதாகத் தடவுகிறார். உள்வளையத்தின் மேல் மட்டும் உட்காரும்படி வெட்டி வைத்திருக்கும் குழாயை வைத்து பிரஸ்ஸில் அழுத்துகிறார். வெளிவளையத்தில் அழுத்தினால் அந்த விசை உருண்டைகள் வழியாகப் போய்ப் புதிய ஓடுபாதையிலேயே பள்ளம் விழுந்துவிடும்.

இதற்குப் பின் அவர் செய்வதைத்தான் நான் இமைக்காமல் பார்த்தேன். பேரிங்கின் இரண்டு பக்கமும் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் தகட்டுக் கவர் ஒன்று உண்டு. கவருக்கும் சீலுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம். பலர் அதைக் காலியாகவே விட்டுப் பூட்டிவிடுகிறார்கள். மேஸ்திரி ஒரு டப்பாவைத் திறந்து, தண்ணீருக்கு இளகாத கால்சியம் கிரீஸை விரலால் எடுத்து, அந்த இடத்தில் உப்புப் பாத்திக்கு வரப்பு அணைப்பவர் களிமண்ணை அழுத்துவதுபோல் சுற்றிவரத் திணிக்கிறார். சீலின் உதடு தெரியாத அளவுக்கு. இனி பேரிங் உள்ளே இழுக்கும்போது வாசலில் நிற்பது தண்ணீர் அல்ல, கிரீஸ்.

அந்த கிரீஸை அவர் எப்படித் தேர்ந்தார் என்பதற்கு சாட்சி சுவர் அலமாரியில் இருக்கிறது. இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களில் கடல் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு வகை கிரீஸ் பூசிய ஆணி. ஒரு ஆணியைச் சுற்றித் தண்ணீர் சிவந்திருக்கிறது. மற்றது அப்படியே இருக்கிறது. யாருக்கும் அவர் அதைக் காட்டவில்லை.

கடைசியில் ஜாயின்ட் கிராஸ்கள். நிப்பிள் உள்ளவை. பையன் கிரீஸ் கன்னைப் பிடித்து அழுத்துகிறான். மூன்று கப்பில் புது கிரீஸ் வெளியே தலைகாட்டுகிறது. "போதுமா மாமா?" "நாலாவது எங்கல?" ஷாஃப்டைத் திருப்பி, அசைத்து, மறுபடி அழுத்துகிறான். முதலில் துரு கலந்த நீர் கசிகிறது, அப்புறம் பழைய கிரீஸ், அப்புறம் சுத்தமான புது கிரீஸ். வராமல் நின்ற அந்த ஒரு கப்பை விட்டிருந்தால் அதிலிருக்கும் ஊசி உருளைகள்தான் முதலில் அரித்துப்போயிருக்கும்.

வண்டி கீழே இறங்குகிறது. இன்னும் சில நாளில் இது செங்கோட்டை வழியாக ஆரியங்காவு இறங்கிக் கொல்லத்துக்கு மீன் கொண்டுபோகும். இங்கே தடை முடியும்போது கேரளத்தில் டிராலிங் தடை தொடங்கியிருக்கும். அங்கே நம் மீனுக்குத் தேவை கூடும் காலம். தென்மேற்குப் பருவமழை இறங்கும் காலமும் அதுவே. இந்தப் பக்கத்து வெயிலில் சூடான ஷாஃப்ட், மலை இறங்கியதும் சாலையில் ஓடும் வெள்ளத்தில் முங்கும். மலைப்பாதையில் சென்டர் பேரிங் இறுகிக் குஷன் கிழிந்தால் ஷாஃப்ட் தரையில் விழும். வண்டியை அசைக்க முடியாது, ஐஸ் உருகும், மீன் போய்விடும். பின்னால் வருகிற வண்டிக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மீன் வண்டி வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் ஓட்டும் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரலில் வண்டியை நிறுத்தும் முன் அடிப்பாகத்தை, சூடு ஆறியபின், சாதாரணக் குழாய் நீரில் உப்புப் போகக் கழுவுங்கள். அழுத்தக் குழாயை பேரிங்கின் பக்கம் காட்ட விடாதீர்கள். டீசல் அடிக்க வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கழுவியபின் நன்றாகக் காயும்வரை ஒரு ஓட்டம் ஓட்டி, கிராஸ்களுக்குப் புது கிரீஸ் ஏற்றி நிறுத்துங்கள். ஈர மணலில் நிறுத்தாதீர்கள். தடைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறையாவது, பேரிங் சூடேறும் அளவுக்குச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். சென்டர் பேரிங் மாற்றும்போது பக்கத்திலேயே நின்று, கவருக்கும் சீலுக்கும் நடுவில் கிரீஸ் வைத்தார்களா என்று பாருங்கள். வைக்கவில்லை என்றால் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.