ஆலங்குளம் டு குற்றாலம்: ஆவரேஜ் என்னலே?

சைக்கிள்ல வெளியூர் போறேன்னு சொன்னாப் போதும், ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறது ரெண்டே கேள்வி. "ஆவரேஜ் ஸ்பீடு என்ன? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?" இந்த ரெண்டு நம்பரை வெச்சே ஆளை எடை போட்டுடலாம்னு ஒரு நம்பிக்கை. மார்க் ஷீட் பாத்து வளர்ந்த கூட்டம், வேறென்ன கேக்கும்? (நானும் இன்ஜினியரிங்தான், அதனால திட்டுற உரிமை உண்டு.)

இப்போ இதை எழுதக் காரணம் என் மாமா பையன். வயசு 31. சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது, தினமும் உடம்பை அசைங்கன்னு டாக்டர் சொன்னதால போன வருஷம் கியர் சைக்கிள் வாங்கினான். ஒரு குரூப்போட மூணு ஞாயித்துக்கிழமை ஓட்டினான். நாலாவது வாரம், "ஆவரேஜ் 22க்குக் கீழே இருக்கிறவங்க தனியா ஓட்டிக்கோங்க"ன்னுட்டாங்க. மச்சானுக்கு 14. அன்னைக்கு சைக்கிளை மூலையில சாத்தினவன்தான், இப்போ விக்கப் போறேங்கான். அவனுக்குப் போன்ல சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன்.

எங்க ஊர் ரோட்டையே எடுத்துக்குவோம். ஆலங்குளம் திருநெல்வேலி - தென்காசி ரோட்டுல கிட்டத்தட்ட நடுவுல இருக்கு. இங்கேருந்து பாவூர்சத்திரம் சுமார் 15 கி.மீ., தென்காசி சுமார் 25, குற்றாலம் சுமார் 30. ஏத்தம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. திருநெல்வேலியிலேருந்து தென்காசி வரைக்கும் மொத்தமே நூறு மீட்டர் போல உயரம் கூடும், அவ்ளோதான். மேப்புல பாத்தா குழந்தை கூட ஓட்டிடும்.

ஆனா ஆனி, ஆடியில வந்து ஓட்டிப் பாருங்க மக்கா! தென்மேற்குப் பருவக்காத்து செங்கோட்டைக் கணவாய் வழியா நுழைஞ்சு நேரா கிழக்க பாத்து அடிக்கும். சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் காத்தாலை நட்டு வெச்சிருக்கறது அழகுக்கு இல்லை. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னா, சைக்கிள் எம்மாத்திரம்? இப்போ ரோட்டை அகலமாக்க நிறைய மரங்களையும் வெட்டியாச்சு, மறைப்பும் கம்மி.

இனி கணக்கு. (பயப்படாதீங்க, பரீட்சை இல்லை.)

ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேத்து நூறு கிலோன்னு வெச்சுக்குவோம். நிமிர்ந்து உக்காந்து, மூச்சு வாங்காம, 80 வாட்ஸ் சக்தியில மிதிக்கிறார். காத்தே இல்லாத சமதரையில சுமார் 18 கி.மீ. வேகம் வரும். அதே ஆள், அதே மிதி, 15 கி.மீ. வேகத்துல எதிர்காத்து: சுமார் 11 தான் வரும். அதே காத்து முதுகுல தள்ளினா சுமார் 27. காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதைத் தள்ளத் தேவையான சக்தி கனத்துல ஏறும். அதனாலதான் இவ்ளோ வித்தியாசம்.

போறப்ப 11, வர்றப்ப 27, ஆவரேஜ் 19, காத்துல லாபம்தானேன்னு தோணும். அங்கதான் பொறி இருக்கு. குற்றாலம் போக 30 கி.மீ.க்கு 2 மணி 44 நிமிஷம். திரும்பி வர 1 மணி 7 நிமிஷம். மொத்தம் 60 கி.மீ., 3 மணி 51 நிமிஷம். ஆவரேஜ் 15.6! காத்தே இல்லாம இருந்திருந்தா 18. காத்து போகும்போது புடுங்கினதை வரும்போது முழுசாத் திருப்பித் தராது. ஏன்னா மெதுவா போற பாதியிலதான் நாம ரொம்ப நேரம் இருக்கோம். மலை ஏறி இறங்கினாலும் இதே கதைதான். நூறு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் ஏறுற ரோட்டுல அதே 80 வாட்ஸுக்கு 5 கி.மீ. வேகம்தான் கிடைக்கும், அதாவது நடை வேகம். புளியரை எஸ் வளைவுல இறங்கித் தள்ளிட்டுப் போறவரைப் பாத்து யாரும் சிரிக்க வேண்டாம்.

ஆக, எந்த ரோடு, எந்த மாசம், எத்தனை மணி, எவ்ளோ சுமைன்னு கேக்காம ஆவரேஜை மட்டும் கேக்குறது, எந்த மெஷின்னு கேக்காம புரோகிராம் ஓட எத்தனை செகண்டுன்னு கேக்குற மாதிரி.

இன்னொரு குழப்பமும் உண்டு. சைக்கிள்ல மாட்டுற மீட்டர், சக்கரம் சுத்துற நேரத்தை மட்டும்தான் எண்ணும். டீ, பஞ்சர், சாப்பாடு, ஆட்டு மந்தை கடக்குறது எல்லாம் அதுக்குக் கணக்கே இல்லை. பொழுது சாயறதுக்கு அதெல்லாம் கணக்கு உண்டு! நீண்ட தூரம் ஓட்டுறவங்களோட பி.ஆர்.எம். விதியைப் பாருங்க. 200 கி.மீ.க்கு பதிமூன்றரை மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதுக்குள்ளயே. வகுத்துப் பாத்தா மணிக்கு 15 கி.மீ. தான். ஊரே மலைச்சுப் பாக்குற ஆளுங்களுக்கே தேவைப்படுறது அவ்ளோதான்.

அதை விடப் பெரிய உதாரணம் இருக்கு. 1923 அக்டோபர்ல பம்பாயிலேருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிள்ல உலகம் சுத்தக் கிளம்பினாங்க. அதில் அதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா மூணு பேரும் 1928 மார்ச்சில் சுத்தி முடிச்சுத் திரும்பி வந்தாங்க. சுமார் 71,000 கி.மீ. நாலு வருஷம் அஞ்சு மாசம், அதாவது சுமார் 1,600 நாள். வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 44 கி.மீ.! பாலைவனம், கப்பல், காய்ச்சல், ஓய்வு எல்லாம் சேத்து 44. உலகத்தைச் சுத்தினவங்களோட தினசரிக் கணக்கு, ஆலங்குளத்துலேருந்து குற்றாலம் போயிட்டு வர்றதை விடக் கம்மி.

அவ்ளோ தூரம் ஏன், எங்க அப்பாவைச் சொல்றேன். நான் எட்டாப்பு படிக்கிற வரைக்கும் கேரியர்ல அறுபது கிலோ கத்திரிக்காய் மூட்டை வெச்சு பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓட்டுவார். கேரளாவுக்கு வாங்குற யாவாரிங்க அங்கதான் அதிகம். ராத்திரி மூணரைக்கு எடுத்தா அஞ்சுக்குச் சேருவார். ஏன் அந்நேரம்னு கேட்டா, "வெயிலு ஏறிட்டா காத்து முந்திக்கிடும்லே"ம்பார். ராத்திரி தரை குளிர்ந்திருக்கும், மேல ஓடுற வேகக்காத்து கீழே கலக்காது. தரை சூடானதும் இறங்கி வந்து அடிக்கும். இது நான் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுகிட்டது. அவருக்கு உடம்புலயே தெரியும். திரும்ப வரும்போது வெறும் வண்டி, முதுகுல காத்து, முக்கால் மணி நேரம்.

30 கி.மீ., ரெண்டே கால் மணி நேரம். ஆவரேஜ் 13க்குக் கொஞ்சம் மேல. மச்சானோட 14ஐ விடக் கம்மி. அந்த வேகத்துலதான் எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சது, எங்க ஸ்கூல் ஃபீஸும் கட்டினது. அப்பா ஒரு நாளும் எத்தனை கி.மீ. வேகம்னு பேசினதில்லை. எத்தனை மணிக்கு எடுக்கணும், எத்தனை மணிக்குச் சேரணும், இவ்ளோதான் பேச்சு.

புதுசா டூர் போறவங்களுக்கு நான் சொல்றதும் அதேதான். நிக்கிற நேரத்தையும் சேத்து மணிக்கு 10 கி.மீ.ன்னு போடுங்க. முதல் தடவை 40, 50 கி.மீ. போதும். பழகினப்புறம் மூட்டையோட 60லேருந்து 80. எதிர்காத்தோ ஏத்தமோ இருந்தா பாதியாக் குறைச்சுக்கோங்க. கூட வர்றவங்கள்ல யாரு மெதுவோ அவங்க வேகம்தான் குரூப்போட வேகம். மத்ததெல்லாம் ரேஸ்.

மச்சானுக்குப் போட்டுக் குடுத்த பிளான் இது: வர்ற ஆடியில ஒரு சனிக்கிழமை, காலைல அஞ்சு மணிக்கு ஆலங்குளம். எட்டு மணிக்குக் குற்றாலம். (தண்ணி கூடிப்போய் அருவியில குளிக்கத் தடை போட்டா நான் பொறுப்பில்லை.) ராத்திரி அங்கேயே தங்கல். ஞாயிறு காத்து தள்ளத் தள்ள வீடு. மீட்டரை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வரணும், அதான் ஒரே கண்டிஷன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்"னான். விக்கிறதா இருந்தாலும் குளிச்சுட்டு வந்து வித்துக்கோலேன்னு சொல்லியிருக்கேன்.