வலக்கை மட்டும் திரும்பி வந்தது

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மொலொகாய் என்று ஒரு தீவு. அதன் வடகரையில் மலை செங்குத்தாக இறங்கிக் கடலில் முடிகிறது. உலகின் மிக உயரமான கடலோரப் பாறைச் சரிவுகளில் இதுவும் சேர்த்தி. சில இடங்களில் மூவாயிரம் அடிக்கு மேல். அதன் காலடியில் நாக்கை நீட்டினாற்போல ஒரு தட்டை நிலம் கடலுக்குள் போகிறது. அதுதான் கலௌபாப்பா. மூன்று பக்கம் அலை, நான்காவது பக்கம் மலை. தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்க 1865-இல் ஹவாய் அரசு சட்டம் போட்டபோது இந்த இடத்தை ஏன் பிடித்தார்கள் என்பது மேலிருந்து பார்த்தவுடனே புரிந்துவிட்டது. காவலுக்கு ஆளே வேண்டாம்.

முன்அனுமதி இல்லாமல் இங்கே இறங்க முடியாது. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதியே கிடையாது. நான் போன காலத்தில் மலைப்பாதை திறந்திருந்தது: 26 கொண்டை ஊசி வளைவுகள், முழங்கால் நடுங்கும் இறக்கம். கீழே பழைய பேருந்து ஒன்று காத்திருந்தது. வழிகாட்டி முதலில் சொன்னது, இங்கே வாழ்கிறவர்களை அவர்கள் சம்மதமில்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பதைத்தான்.

நான் பார்க்க வந்தது தீபகற்பத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள கலவாவோ. முதல் நோயாளிகளை 1866 ஜனவரியில் இறக்கிவிட்ட இடம். இன்று அங்கே ஊர் இல்லை. புல்வெளி, காற்று, கடலுக்குள் நிமிர்ந்து நிற்கும் பாறைத்தீவுகள், வெள்ளையடித்த புனித பிலோமினாள் கோயில். அவ்வளவுதான். கோயிலுக்குள் போனதும் வழிகாட்டி தரையைக் காட்டினார். பலகையில் அங்கங்கே சதுரமாக வெட்டிய துளைகள். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். நோய் முற்றியவர்களுக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பூசை நடுவில் துப்ப வெட்கப்பட்டுக் கோயிலுக்கே வராமல் இருந்தார்கள். பங்குச்சாமியார் ரம்பத்தை எடுத்துத் தரையை அறுத்துவிட்டார். இனி யாரும் வெளியே நிற்க வேண்டாம். அந்தத் துளைகளைப் பார்த்த பிறகு அவரைப் பற்றி எழுதப்பட்ட புகழுரைகள் எல்லாம் எனக்குச் சின்னதாகத் தெரிந்தன.

பெல்ஜியத்தில் 1840-இல் பிறந்த தமியான்தான் அந்தச் சாமியார். ஹவாய்க்கு வர வேண்டியவர் அவருடைய அண்ணன்; அவர் நோயில் படுக்கவே தம்பி கப்பல் ஏறினார். 1873 மே 10-ஆம் தேதி, 33 வயதில், தானாக முன்வந்து இங்கே இறங்கினார். முதல் இரவுகளில் தங்க வீடில்லாமல் கோயிலை ஒட்டிய தாழை மரத்தடியில் படுத்தார். பிறகு வீடு கட்டினார், புண் கழுவினார், இறந்தவர்களுக்குத் தன் கையாலேயே சவப்பெட்டி செய்தார். 1884-இன் கடைசியில் கொதிநீரில் கால் வைத்தும் சுடவில்லை என்று உணர்ந்தபோது, தன்னையும் நோய் பிடித்துவிட்டது என்று அவருக்கு உறுதியாயிற்று. ஹவாய் மக்கள் அவரைக் கமியானோ என்றார்கள்.

நம் ஊரில் சில வருடங்களுக்கு ஒருமுறை பங்குச்சாமியாருக்கு மாற்றல் வரும். பொன்னாடை போர்த்துவோம், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், வண்டி தெருமுனை திரும்பும்வரை கையசைப்போம். கலவாவோ மக்கள் தங்கள் சாமியாரை இரண்டு முறை வழியனுப்ப வேண்டியிருந்தது. முதல்முறை 1889 ஏப்ரல் 15, புனித வாரத்துத் திங்கட்கிழமை. 49 வயதில் அவர் இறந்தார். அதே தாழை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். அது துக்கம்தான், ஆனாலும் அவர் அவர்களோடுதான் கிடந்தார்.

இரண்டாவது வழியனுப்புதலைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. பெல்ஜியம் தன் மகனின் உடலைத் திருப்பிக் கேட்டது. மன்னர் மூன்றாம் லியோபோல்ட் கேட்டார், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சம்மதித்தார். 1936 ஜனவரியில் கல்லறையைத் தோண்டினார்கள். நோயாளிகளின் விருப்பத்துக்கு அதில் இடம் இருக்கவில்லை. அவர்கள் அழுதார்கள். ஹொனலூலு பேராலயத்தில் உடலை வைத்து வழிபாடு நடந்தது. 1864-இல் அவர் குருப்பட்டம் பெற்ற அதே பேராலயம். ஒதுக்கல் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. அவரோடு வாழ்ந்த மக்கள் கடல் கடந்து அங்கே போய் நிற்க முடியாது. மே மாதம் மெர்க்கேட்டர் என்ற பாய்மரக் கப்பல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தை அடைந்தபோது மன்னரே வரவேற்க வந்திருந்தார். லூவெய்னில் கல்லறை கட்டினார்கள்.

ஒரு நாடு தன் மகனைப் பெருமையோடு கேட்பது எனக்குப் புரிகிறது. பெல்ஜியத்தின் மீது முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அங்கிருந்து வந்த மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ் 1955-இல் நம் செங்கல்பட்டுப் பக்கம் பொலம்பாக்கத்தில் தொழுநோய் மையம் தொடங்கி, ஊர் ஊராக மரத்தடியில் சிகிச்சை கொடுத்தவர். தமியான் பெயரில் 1964-இல் பெல்ஜியத்தில் தோன்றிய அறக்கட்டளை தமிழகத்திலும் வேலை செய்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்: அந்த உடலைக் கேட்கும் உரிமை முதலில் கலௌபாப்பாவுக்குத்தான் இருந்தது. தாயிடமிருந்தும், கணவனிடமிருந்தும், பெற்ற பிள்ளையிடமிருந்தும் பிரித்துக் கொண்டுவந்து இங்கே தள்ளப்பட்ட மனிதர்கள் அவர்கள். தானாக வந்து, போகாமல் இருந்த ஒருவரையும் எடுத்துக்கொண்டு போனது அநியாயம்.

1946-இல் சல்ஃபோன் மருந்து இங்கே வந்து நோயைக் கட்டுப்படுத்தியது. 1969-இல் ஒதுக்கல் சட்டம் நீங்கியது. போகலாம் என்று சொன்ன பிறகும் பலர் போகவில்லை; இதுதான் அவர்களுக்கு ஊர். 1995-இல் இரண்டாம் ஜான் பால் தமியானுக்கு அருளாளர் பட்டம் கொடுத்த பிறகு, அவருடைய வலக்கை மட்டும் திரும்பி வந்தது. 59 வருடங்கள் கழித்துப் பழைய குழியிலேயே வைத்தார்கள். ரம்பம் பிடித்த கை, புண் கழுவிய கை, ஆசீர் கொடுத்த கை. முழு உடலில் எதைக் கொடுப்பது என்று யோசித்தவர்களுக்கு இதைவிடச் சரியானது தோன்றியிருக்க முடியாது.

கல்லறையில் கருஞ்சிலுவை, சுற்றிலும் இரும்பு வேலி. சிலுவையில் யாரோ போட்ட மாலைகள், சில வாடியவை, ஒன்று புதியது. 2009-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது இங்கிருந்து 11 நோயாளிகள் போய் முன்வரிசையை நெருங்கி உட்கார்ந்தார்கள் என்று வழிகாட்டி சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது. புனிதர்களின் திருநாளை இறந்த நாளில் வைப்பதுதான் வழக்கம். தமியானுக்கோ மே 10. அவர் இந்தக் கரையில் இறங்கிய நாள்.