ஒன்றுபட்ட நாடுகளும் பிளவுபட்ட உள்ளங்களும்

இத்தாலி, ஜெர்மனி என்னும் பெயர்கள் மிகப் பழமையானவை. அப்பெயர்களைத் தாங்கிய அரசுகளோ மிக இளையவை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தாலியத் தீபகற்பம் பல அரசுகளாகச் சிதறிக் கிடந்தது. லொம்பார்தியும் வெனிசும் ஆஸ்திரியப் பேரரசின் பிடியில் இருந்தன. நடுப்பகுதி திருத்தந்தையின் ஆட்சியிலும், தென்பகுதி நேப்பிள்ஸ் மன்னரின் ஆட்சியிலும் இருந்தன. ஜெர்மானியர் வாழ்ந்த நிலமோ 1815-க்குப் பின்னர் ஏறத்தாழ நாற்பது அரசுகளாகப் பிரிந்திருந்தது.

ஒரே மொழி பேசுவோர் ஒரே குடையின்கீழ் வாழ விரும்புவதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் அவ்விருப்பம் நிறைவேறிய விதம் பல இலட்சம் கத்தோலிக்கக் குடும்பங்களைக் கடினமானதொரு கேள்வியின் முன் நிறுத்தியது. நாட்டுப்பற்றா, திருச்சபைப்பற்றா? ஒன்றை ஏற்றால் மற்றதைக் கைவிடத்தான் வேண்டுமா? இக்கேள்வியின் வடுக்களை இன்றும் தாங்கி நிற்கும் ஊர்கள் சிலவற்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவற்றுள் மூன்றினைப் பற்றி வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

வீரமாமுனிவரின் ஊர்

வட இத்தாலியில் கார்தா ஏரிக்குத் தெற்கே காஸ்திலியோனே என்னும் சிறு நகர் அமைந்துள்ளது. தமிழ்க் கத்தோலிக்கர் இவ்வூருக்கு இருமுறை கடன்பட்டவர்கள். புனித ஞானப்பிரகாசியார் 1568-இல் பிறந்தது இங்கேதான்; தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் 1680-இல் பிறந்ததும் இங்கேதான். ஞானப்பிரகாசியாரின் தலை எலும்பு அவர் பெயர் தாங்கிய பேராலயத்தில் வணக்கத்திற்கு வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே முழந்தாளிட்டுச் செபித்தபின் ஊரைச் சுற்றி நடந்தோம். வீரமாமுனிவரை இத்தாலியர் என்று நாம் கூசாமல் கூறுகிறோம். அவர் பிறந்த நாளிலோ இவ்வூர் கொன்சாகா குடும்பத்தாரின் குறுநிலமாக இருந்தது. இத்தாலி என்றோர் அரசே அப்போது இல்லை.

அவ்வரசு உருவாவதற்குரிய பெரும்போர்களுள் ஒன்று இவ்வூருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள சொல்பெரினோ குன்றுகளில் 1859 ஜூன் 24 அன்று நிகழ்ந்தது. ஒருபுறம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் பீட்மாண்ட் மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலும். மறுபுறம் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்சிஸ் யோசேப்பு. மூவரும் கத்தோலிக்கர். அவர்தம் படைவீரர்களிலும் பெரும்பாலோர் கத்தோலிக்கரே. அன்று திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழா! ஏறத்தாழ மூன்று இலட்சம் வீரர்கள் விடியற்காலை முதல் மாலை வரை ஒருவரையொருவர் வெட்டியும் சுட்டும் வீழ்த்தினர். இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக நாற்பதாயிரம் பேர் வரை என்பர். ஆஸ்திரியப் படையில் வெனிசுப் பகுதியைச் சேர்ந்த இத்தாலியரும் இருந்தமையால், இத்தாலியின் விடுதலைக்கென நடந்த போரில் இத்தாலியர் இரு பக்கமும் நின்றனர்.

சொல்பெரினோவிலுள்ள புனித இராயப்பர் சிற்றாலயத்தினுள் நுழைவோர் பேசும் ஆற்றலை இழப்பர். பீடத்திற்குப் பின்னால் சுவர் முழுவதும் வரிசை வரிசையாக மண்டையோடுகள், ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. எது பிரெஞ்சுக்காரனுடையது, எது ஆஸ்திரியனுடையது, எது இத்தாலியனுடையது என்று எவராலும் கூற முடியாது. கொடிகளால் பிரிந்தவர்களைச் சாவு ஒரே குடும்பமாக அடுக்கி வைத்திருக்கிறது.

அன்று காயமுற்றவர்களில் ஆயிரக்கணக்கானோர் வண்டி வண்டியாகக் காஸ்திலியோனேக்குக் கொண்டுவரப்பட்டனர். கோயில்களும் வீடுகளும் தெருக்களும் நிரம்பி வழிந்தன. மருத்துவர்களோ மிகச் சிலர். அவ்வூரின் பெரிய கோயிலில் பெண்கள் நீர்க்குடங்களோடும் கிழித்த துணிகளோடும் நுழைந்து, நம்மவன், பகைவன் என்று பாராமல் காயங்களைக் கழுவிக் கட்டினர். வணிக அலுவலாக அங்கு வந்திருந்த ஹென்றி துனாந்த் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவரும் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். அனைவரும் சகோதரரே என்று அப்பெண்கள் கூறியது அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1862-இல் அவர் வெளியிட்ட நூலின் பயனாக 1863-இல் செஞ்சிலுவை இயக்கமும், 1864-இல் ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்தன. செஞ்சிலுவையின் அனைத்துலக அருங்காட்சியகம் ஒன்று காஸ்திலியோனேயில் இன்று உள்ளது. கொள்ளைநோயுற்றோருக்குப் பணிபுரிந்து 23-ஆம் வயதில் உரோமையில் உயிர்நீத்தவர் ஞானப்பிரகாசியார். அவருடைய ஊர்ப் பெண்கள் அவருக்கு ஏற்ற மக்களாகவே விளங்கினர்.

உரோமையின் உடைந்த மதில்

சொல்பெரினோவின் விளைவாக லொம்பார்தி பீட்மாண்டுக்குக் கிடைத்தது. மறு ஆண்டு கரிபால்டி தம் ஆயிரம் தொண்டர்களோடு சிசிலியில் இறங்கித் தென்பகுதியை வென்றார். 1861 மார்ச் 17 அன்று இத்தாலிய அரசு பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் உரோமையும் அதைச் சூழ்ந்த பகுதியும் இன்னும் திருத்தந்தையிடமே இருந்தன.

உரோமைக்குச் செல்லும் திருப்பயணிகள் இராயப்பர் பேராலயத்தையும் சுரங்கக் கல்லறைகளையும் கண்டு திரும்புவர். போர்த்தா பியா என்னும் நகர வாயிலைக் காண்போர் சிலரே. மைக்கேல் ஆஞ்சலோ வரைந்த வாயில் அது. அதனருகிலுள்ள பழைய மதிலில்தான் 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படையின் பீரங்கிகள் பிளவு உண்டாக்கின. எதிர்ப்பைக் காட்டினாலே போதும், மதில் உடைந்ததும் சரணடைந்துவிட வேண்டும் என்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் தம் படைத்தலைவருக்கு ஆணையிட்டிருந்தார். சில மணி நேரத்தில் வெள்ளைக்கொடி உயர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலவிய திருத்தந்தையரின் மண்ணுலக அரசு அன்று காலையில் முடிவுற்றது.

இந்தப் பத்திநாதரே 1846-இல் பதவியேற்றபோது அரசியல் கைதிகளுக்கு மன்னிப்பு அளித்து, இத்தாலிய நாட்டுப்பற்றாளரின் வாழ்த்தொலியைப் பெற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் 1848-இல் கத்தோலிக்க நாடாகிய ஆஸ்திரியாமீது போர் தொடுக்க அவர் மறுத்தார். எல்லா நாட்டு மக்களுக்கும் தந்தையானவர் ஒரு நாட்டவருக்காக மற்றொரு நாட்டவரைக் கொல்லப் படை அனுப்பலாகுமா? அன்றே வாழ்த்தொலி வசையாக மாறத் தொடங்கியது. அவருடைய முதலமைச்சர் கொலையுண்டார். அவரும் கயேத்தா நகருக்குத் தப்பிச் சென்றார். பாரதியாரின் பாடலால் தமிழர் அறிந்த மாஜினி 1849-இல் உரோமைக் குடியரசை நடத்தினார். பிரெஞ்சுப் படை வந்து அதை வீழ்த்தியது. 1850-இல் திருத்தந்தை திரும்பினார்.

போர்த்தா பியாவிலிருந்து இருபது செப்டம்பர் என்னும் பெயர் கொண்ட நெடுந்தெரு வழியே நடந்தால் குயிரினால் மாளிகையை அடையலாம். பத்திநாதரைத் தேர்ந்தெடுத்த கர்தினால்மார் கூடியது இம்மாளிகையில்தான். 1870-இல் அவர் சாவியைத் தர மறுத்தமையால் பூட்டுகளை உடைத்தே அரச அலுவலர்கள் உள்ளே புகுந்தனர். மன்னரின் இல்லமாக இருந்த அது, 1946-இல் இத்தாலி குடியரசானபின் குடியரசுத் தலைவரின் இல்லமாயிற்று.

அங்கிருந்து இறங்கிப் பாந்தியோன் என்னும் வட்டக் கோயிலுக்குச் சென்றோம். மறைசாட்சியரின் இராக்கினியாகிய கன்னிமரியாளுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் அது. திருத்தந்தையின் நாட்டைக் கைப்பற்றிய மன்னர் விக்டர் இம்மானுவேல் அந்த ஆலயத்தினுள்ளேயே துயில்கிறார்! திருத்தந்தையின் ஆட்சிப்பகுதிகளைக் கவர்ந்தோர் மீது 1860-இலேயே திருச்சபையினின்று விலக்கும் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. ஆயினும் 1878 ஜனவரியில் மன்னர் மரணப்படுக்கையில் இருந்தபோது, அவருக்கு இறுதி அருட்சாதனங்கள் வழங்கப்பட ஒன்பதாம் பத்திநாதர் இசைந்தார். ஒரு மாதம் நிறைவுறுமுன் பத்திநாதரும் இறைவனடி சேர்ந்தார். பகைவரான இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே நீதிபதியின் முன் சென்றனர்.

இப்பூசலில் பெரிதும் துன்புற்றவர்கள் எளிய மக்களே. கத்தோலிக்கர் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பதும் போட்டியிடுவதும் தகாது என்று திருப்பீடம் அறிவித்திருந்தது. குழந்தைகளுக்குச் செபம் கற்பித்த தந்தை, தன் நாட்டின் சட்டங்களை இயற்றுவோரைத் தேர்வதினின்று விலகி நின்றார். குருக்களும் தப்பவில்லை. இத்தாலிய ஒற்றுமையின் சிற்பியாகிய கவூர் 1861-இல் இறக்கும்போது, தூரின் நகரில் பங்குக்குருவாயிருந்த பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் அவருக்குப் பாவமன்னிப்பு வழங்கினார். கவூர் தம் செயல்களைப் பகிரங்கமாக மறுத்துரைக்கும்படி கேளாததற்காக அவர் உரோமைக்கு அழைக்கப்பட்டு, குருத்துவப் பணியினின்று நிறுத்திவைக்கப்பட்டார். சாகக் கிடப்பவரின் அருகே அமர்ந்திருக்கும் எந்தப் பங்குக்குருவும் இதை நினையாதிருக்க முடியாது.

காயம் மெல்ல மெல்லவே ஆறியது. 1905-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 1919-இல் அறவே நீங்கியது. அவ்வாண்டிலேயே லூயிஜி ஸ்தூர்சோ என்னும் குரு மக்கள் கட்சி ஒன்றைத் தொடங்கினார். 1929 பிப்ரவரி 11 அன்று கையெழுத்தான லாத்தரன் உடன்படிக்கையால் 44 ஹெக்டேர் பரப்புள்ள வத்திக்கான் நாடு உருவாயிற்று. 59 ஆண்டுகளாக வத்திக்கானைவிட்டு வெளியேறாதிருந்த திருத்தந்தையர் மீண்டும் வெளியே வந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்குவதற்கு முந்தைய நாளான 1962 அக்டோபர் 10 அன்று, பின்னர் ஆறாம் சின்னப்பராகத் திருப்பீடம் ஏறிய கர்தினால் மொந்தினி உரோமை நகரமன்றக் குன்றில் உரையாற்றினார். மண்ணுலக ஆட்சியினின்று விடுபட்டதில் இறைவனின் பராமரிப்பைக் காணலாம் என்று அவர் எடுத்துரைத்தார். 2010 செப்டம்பர் 20 அன்று போர்த்தா பியாவில் நடந்த நினைவு விழாவில் வத்திக்கான் செயலர் கர்தினால் பெர்த்தோனே தாமே கலந்துகொண்டார். உடைத்தவர்களின் வாரிசுகளும் உடைபட்டவர்களின் வாரிசுகளும் ஒரே மதிலருகே சேர்ந்து நின்றனர்.

கொலோன் நகரின் மணி

இத்தாலியின் ஒற்றுமையும் ஜெர்மனியின் ஒற்றுமையும் இரட்டைப் பிள்ளைகள். 1866-இல் பிரஷியா ஆஸ்திரியாவை வென்றதால் இத்தாலிக்கு வெனிசு கிடைத்தது. 1870-இல் பிரஷியாவோடு பிரான்சு போரிட்டதால், திருத்தந்தைக்குக் காவலாக இருந்த பிரெஞ்சுப் படை தாயகம் திரும்பியது. உரோமையின் வாயில் திறந்தது. ஆகவே நாமும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகர் சேர்ந்தோம்.

1248-இல் தொடங்கி, நடுவில் முந்நூறு ஆண்டுகள் முற்றுப்பெறாமல் நின்ற கொலோன் பேராலயம் 1880-இல்தான் நிறைவுற்றது. 157 மீட்டர் உயர்ந்த அதன் இரட்டைக் கோபுரங்கள் புதிய ஜெர்மனியின் பெருமையாகப் போற்றப்பட்டன. பேரரசர் முதலாம் வில்லியம் நிறைவு விழாவிற்கு வந்தார். ஆனால் அப்பேராலயத்தின் பேராயர் மெல்க்கர்ஸ் அங்கில்லை. 1874-இல் சிறையிடப்பட்ட அவர், பின்னர் ஹாலந்து நாட்டில் அடைக்கலம் புகுந்திருந்தார். கோயில் முடிந்தது, மேய்ப்பர் வெளியே!

காரணம் யாது? 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் மாளிகையில் ஜெர்மானியப் பேரரசு பிரகடனமானபின், கத்தோலிக்கரின் நாட்டுப்பற்றை அமைச்சர் பிஸ்மார்க் ஐயுற்றார். இயேசு சபையினர் 1872-இல் விலக்கப்பட்டனர். குருக்களின் பயிற்சியையும் நியமனத்தையும் அரசுக்கு உட்படுத்தும் சட்டங்கள் 1873-இல் வந்தன. ஆயர்கள் சிறை சென்றனர். நூற்றுக்கணக்கான பங்குகள் குருக்களின்றித் தவித்தன.

அம்மக்கள் ஆயுதம் எடுக்கவில்லை; ஒதுங்கியும் நிற்கவில்லை. தேர்தலில் திரண்டு வாக்களித்தனர். விந்த்தோர்ஸ்ட் என்னும் வழக்கறிஞரின் தலைமையில் விளங்கிய மத்தியக் கட்சி 1871-இல் பெற்ற 63 இடங்கள் 1874-இல் 91 ஆயின. நாங்களும் ஜெர்மானியரே, எங்களை நீக்கிவிட்டு ஜெர்மனியை ஒன்றாக்க இயலாது என்பதே அவர்கள் வாக்குச்சீட்டால் சொன்ன செய்தி. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் பொறுமையும் துணைநின்றது. 1887-க்குள் அச்சட்டங்களில் பெரும்பாலானவை அகன்றன.

பேராலயத்தின் மணிக்கோபுரத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. போரில் கைப்பற்றிய பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி, பேரரசரின் மணி என்னும் மாபெரும் மணியை வார்த்து அங்கே தொங்கவிட்டனர். 1918-இல், முதல் உலகப்போரின் தேவைக்காக அம்மணியே உருக்கப்பட்டது. பீரங்கியாகப் பிறந்தது போருக்கே திரும்பியது! இன்று அங்கே ஒலிப்பது 1923-இல் வார்க்கப்பட்ட, 24 டன் எடையுள்ள புனித இராயப்பரின் மணி.

பெரிய பீடத்தின் பின்னே பொற்பேழையில் மூவரசரின் திருப்பண்டங்கள் உள்ளன. 1164-இல், வென்றவர்களால் மிலான் நகரிலிருந்து கொண்டுவரப்பட்டவை அவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றுள் ஒரு பகுதியைக் கொலோன் திருச்சபை மிலானுக்கே திருப்பி அளித்தது. வாள் கவர்ந்து சென்றதை அன்பு திருப்பிக் கொடுத்தது.

நாட்டை நேசிப்பது நான்காம் கட்டளையின் நீட்சி. தாயை நேசிப்பவன் தாய்நாட்டையும் நேசிப்பான். ஆனால் தாயை நேசிக்கிறேன் என்று சொல்லி உடன்பிறந்தானைத் தெருவில் தள்ளுபவனின் அன்பை எந்தத் தாயும் ஏற்கமாட்டாள். நாட்டுப்பற்று நாட்டு வழிபாடாக மாறும்போது அது எத்துணைக் கொடுமை விளைக்கும் என்பதை, 1937-ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று ஜெர்மானியக் கோயில்களில் வாசிக்கப்பட்ட பதினொன்றாம் பத்திநாதரின் சுற்றுமடல் முன்கூட்டியே எச்சரித்தது. அதைக் கேளாத நாடு இரண்டாகப் பிளந்தது. 1990 அக்டோபர் 3 அன்று அது மீண்டும் ஒன்றானபோது ஒரு பீரங்கியும் முழங்கவில்லை.

நிலங்களை இணைக்கப் படைகள் போதும். உள்ளங்களை இணைக்க அவை போதா. நீங்களும் நாங்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று, விலக்கப்பட்டவர்களும் விலக்கியவர்களும் ஒருவரையொருவர் நோக்கிச் சொல்லும் நாளில்தான் ஒரு நாடு உண்மையில் பிறக்கிறது. அந்நாளை விரைவுபடுத்தும் பொறுப்பு மன்னர்களுக்கும் அமைச்சர்களுக்கும் மட்டும் உரியதன்று. மாலைச் செபத்தில் பகைவருக்காகவும் மன்றாடக் குழந்தைகளைப் பழக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரியது.