அச்சுக்கூடத்து ஈயமும் சன்னம் வார்ப்பவர்களும்

அமெரிக்காவில் துவக்குச் சன்னத்தைத் தாமே வார்த்து, வெடித்து முடிந்த கோதுகளில் மீண்டும் மருந்திட்டு நிரப்புவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பெருந்தொகையினர் இருக்கின்றனர். இச்செய்தி எமது வாசகர்களிற் பலருக்கு வியப்பளிக்கக்கூடும். இலங்கையின் வடக்கிலோ கிழக்கிலோ போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சன்னம் என்பது எங்கிருந்தோ வந்து விழுவது. அதன் கோது, சண்டை ஓய்ந்த பின் சிறுவர்கள் பொறுக்கும் பித்தளை. ஒருவர் தமது வீட்டுக் கொட்டகையில், வார இறுதியில், வானொலி கேட்டவாறு அதனை ஆக்குகிறார் என்பதை ஏற்றுக்கொள்ளவே எமக்குச் சற்று நேரம் எடுக்கும்.

பென்சில்வேனியாவில் என் சகோதரியின் மகனுடன் சில வாரங்கள் தங்கியிருந்தபோது இதனை அருகில் இருந்து அறியும் வாய்ப்புக் கிடைத்தது. மருமகனின் அயலவர் எழுபது வயதைக் கடந்தவர். ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி. "மாமா, இவர் உங்களைப் போலவே பழைய சாமான் பைத்தியம்" என்று மருமகன் அறிமுகஞ் செய்து வைத்தான். அவருடைய கொட்டகையில் இருந்த கருவிகளில் ஒன்றையேனும் அவர் புதிதாக வாங்கியவரல்லர்.

தொழிலின் சுருக்கம் இதுதான். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கோது, அதன் அடியில் தீமூட்டும் பிறைமர், உள்ளே மருந்து, வாயிற் சன்னம். சுட்டபின் எஞ்சுவது கோது ஒன்றே. புதுத் தோட்டாவின் விலையில் பெரும்பங்கு அந்தக் கோதுக்குரியது என்பதனால், அதனைத் திரும்பப் பயன்படுத்துபவர் கணிசமாகச் சேமிக்கலாம். சன்னத்தையும் தாமே வார்த்துக்கொண்டால் செலவு மேலும் குறையும். ஒரு இறாத்தல் என்பது ஏழாயிரம் கிரெயின். கைத்துப்பாக்கிக்குரிய 158 கிரெயின் சன்னம், ஒரு இறாத்தல் ஈயத்தில் நாற்பத்து நான்கு கிடைக்கும். இருபத்தைந்து இறாத்தல் பழைய ஈயத்தை ஒருவர் இலவசமாகப் பெற்றுவிட்டால், ஆயிரத்து நூறு சன்னங்களுக்குரிய உலோகம் அவர் கையில் இருக்கிறது.

இக்கருவிகளின் வரலாறும் நீண்டது. ஜோன் பார்லோ என்பவர் 1884இல் கனெற்றிகட் மாநிலத்தில் ஐடியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதனை 1925இல் லைமன் நிறுவனம் வாங்கியது. பிரெட் ஹன்ரிங்டன் 1943இல் கலிபோர்ணியாவில் ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தையும், ரிச்சர்ட் லீ 1958இல் விஸ்கொன்சினில் தமது பெயரிலான நிறுவனத்தையும் ஆரம்பித்தனர். இன்றும் பழைய சாமான் மேசைகளில் அடிக்கடி காணப்படும் பெயர்கள் இவைதாம். வார்ப்பிரும்பில் ஆன நெம்புகோல் அழுத்தி ஒன்று தேய்ந்து பயனற்றுப்போவதற்கு ஓர் ஆயுள் போதாது. இரும்பு வார்ப்பச்சு துருப்பிடிக்குமே தவிர, குழிக்குள் துரு அரிக்காத வரையில் கெடுவதில்லை. வாங்கியவர் இறந்த பின்னும் கருவி உழைக்கும். ஆகவே பழைய சந்தையில் அதற்குக் குறைவில்லை.

மலிவாகப் பெறுவது எவ்வாறு என்று அயலவரிடம் கேட்டேன். பத்திரிகையாளனின் பழைய பழக்கம், குறிப்புப் புத்தகமும் கையில் இருந்தது.

"துவக்குக் கண்காட்சிக்குச் சனிக்கிழமை காலையில் போவதில்லை. ஞாயிறு பிற்பகல் போவேன். திரும்பவும் வாகனத்தில் ஏற்றுவதற்கு எவரும் விரும்பாத சாமான் பாரமான சாமான். வார்ப்பிரும்பையும் ஈயத்தையும் விடப் பாரமானது எது?" என்றார்.

அவருடைய மற்றைய விதிகளும் இத்தகையனவே. பெயர் பெற்ற கடைகளிற் பழைய பொருளைத் தேடலாகாது. வீட்டு வாசல் விற்பனைகளிலும், இறந்தவர்களின் உடைமைகளை விற்கும் இடங்களிலும், கிராமப்புற ஏலங்களிலும் தேடவேண்டும். மேசைக்கு மேலே உள்ளதைப் பார்த்துவிட்டு, கீழே இருக்கும் பெட்டியைப் பார்க்கவேண்டும். 'மீன்பிடிக் குண்டு வார்க்கும் கருவி' என்று எழுதப்பட்ட பெட்டிக்குள் சன்ன அச்சு கிடப்பதும் உண்டு. அச்சின் இரு பாதிகளையும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடையில் ஒளி தெரியக்கூடாது. பழைய பியூற்றர் தட்டுகளும் கிண்ணங்களும் தரும சாலைகளிற் சில்லறை விலைக்குக் கிடைக்கும். அவற்றிற் பெரும்பகுதி வெள்ளீயம். அதனைச் சிறிதளவு சேர்த்தால் உருகிய ஈயம் அச்சின் மூலைகளிற் சரியாகப் பாயும். வாகனச் சக்கரங்களைச் சமன்செய்யும் ஈயத்துண்டுகள் முன்னர் ரயர் கடைகளில் வாளி வாளியாகக் கிடைத்தன. பல மாநிலங்கள் அவற்றைத் தடைசெய்த பின்னர், நாகத்தில் ஆன துண்டுகள் அதே வாளியிற் கலந்து வருகின்றன. அவற்றிற் சில, பார்க்காமல் உருக்கிய முழுக் கலவையையும் பாழாக்கிவிடும்.

வாங்கக்கூடாதவை பற்றியும் அவர் கண்டிப்பாகச் சொன்னார். முன்பின் அறியாத ஒருவர் நிரப்பிய தோட்டாவை இலவசமாகத் தந்தாலும் ஏற்கலாகாது. திறந்த மருந்துப் பேணியை வாங்கலாகாது. பேணியின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு எவரும் சாட்சியில்லை. தராசை வாங்கலாம், ஆனால் எடை தெரிந்த படிக்கல்லால் சோதிக்க வேண்டும். ஈயம் உருக்கும் இடம் காற்றோட்டமாக இருக்கவேண்டும், அங்கே உண்ணலாகாது, கையைக் கழுவாமல் பேரப்பிள்ளையைத் தூக்கலாகாது. கடைசி விதியைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. ஈயம் சிறுவர்களின் மூளையைத் தாக்குவது குறித்து இன்று எல்லோரும் அறிவர். ஈயம் உண்டு மாளும் கழுகுகளைக் காக்கும் பொருட்டுக் கலிபோர்ணியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயச் சன்னம் முற்றாகத் தடுக்கப்பட்டுள்ளது.

மலிவு என்பது எப்போதும் நிலைப்பதுமில்லை. 2012 டிசெம்பரில் சண்டி ஹூக் பாடசாலையில் இருபது சிறுவர்களும் ஆறு பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சட்டங்கள் இறுகப்போகின்றன என்ற அச்சத்தில் மக்கள் தோட்டாக்களை அள்ளிச் சென்றதால் கடைகள் வெறுமையாகின. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலும் அவ்வாறே நடந்தது. அத்தகைய வேளைகளிற் பழைய அழுத்திக்கும் கிராக்கி ஏறிவிடும். ஒரு பொழுதுபோக்கின் விலைவாசி ஒரு நாட்டின் அச்சத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

நான் எத்தொழில் செய்தேன் என்று அயலவர் விசாரித்தார். பத்திரிகை என்றதும் அவர் முகம் மலர்ந்ததற்குக் காரணம் உடனே விளங்கவில்லை. "அப்படியானால் லைனோரைப் உலோகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

சன்னம் வார்ப்பவர்கள் பொன்னைப்போல் தேடும் உலோகம் எமது அச்சுக்கூடத்து உலோகமாம். ஒட்மார் மேர்கென்தாலர் கண்ட லைனோரைப் இயந்திரம் 1886 ஜூலையில் நியூ யோர்க் ரிபியூன் பத்திரிகையில் முதன்முதலாக இயங்கியது. அதில் ஊற்றப்பட்ட கலவை ஈயம் 84 வீதம், அந்திமனி 12 வீதம், வெள்ளீயம் 4 வீதம். தனி ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். இக்கலவையோ ஏறக்குறைய 240 பாகையிலேயே உருகிவிடும். அந்திமனி உலோகத்தைக் கடினமாக்கும். இறுகும்போது ஏற்படும் சுருக்கத்தையும் குறைக்கும். எழுத்தின் விளிம்பு கூர்மையாக விழவேண்டும் என்பதற்காக அச்சுத் தொழிலார் கண்டுபிடித்த கலவை, சன்னத்தின் விளிம்பையும் கூர்மையாக்குகிறது. தனி ஈயத்தோடு சரிபாதி கலந்தால் அந்திமனி ஆறு வீதமும் வெள்ளீயம் இரண்டு வீதமுமாகும். பெரும்பாலான கைத்துப்பாக்கிகளுக்கு அது போதுமாம். தமிழில் எழுத்து வார்ப்பதற்கும் சன்னம் வார்ப்பதற்கும் அச்சு என்ற ஒரே சொல்லை நாம் வழங்குவதும் அப்போதுதான் என் நினைவில் உறைத்தது.

நியூ யோர்க் ரைம்ஸ் 1978 ஜூலையில் ஈய அச்சுக்கோப்பைக் கைவிட்டது. அதற்கு முன்னும் பின்னுமாகச் சிறு நகரப் பத்திரிகைகள் பலவும் அதனைக் கைவிட்டன. பல தொன் உலோகம் கழிவு விலைக்கு வெளியே வந்தது. அதில் ஒரு பகுதி சன்னம் வார்ப்பவர்களின் கொட்டகைகளுக்குப் போயிற்று. அவர்கள் நாட்டில் இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1776 ஜூலை 9ஆம் திகதி நியூ யோர்க் மக்கள் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் ஈயச் சிலையை வீழ்த்தினர். கனெற்றிகட்டின் லிச்பீல்ட் ஊருக்கு அனுப்பப்பட்ட அதன் ஈயத்தில் 42,088 குண்டுகள் வார்க்கப்பட்டதாகக் கணக்கு எழுதி வைத்துள்ளனர்.

ஒரு சனிக்கிழமை அவர் என்னைத் தம்முடன் அழைத்துச் சென்றார். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் வீட்டைக் காலி செய்து மகளிடம் போக இருந்தார். கொட்டகையில் ஓர் அழுத்தி, ஆறு இரும்பு அச்சுகள், ஈய வாளிகள் நான்கு. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அறுபது டொலர் தந்தாற் போதும் என்றார் அம்மையார். என் கணக்கில் அது பெரும் பேறு. அயலவர் பணத்தை எடுக்கவில்லை. ஒவ்வோர் அச்சையும் கையில் எடுத்து, இது இவ்வளவு பெறும், இது இவ்வளவு பெறும் என்று அவருக்கே சொன்னார். முடிவில் அவர் கொடுத்தது கேட்ட தொகையின் நான்கு மடங்கு. வெளியில் வாங்குவதிலும் அது பாதி விலைதான்.

"விற்பவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தால், காசு கொடுப்பதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகும் மலிவாக இருந்தால் அதுதான் மலிவு" என்று பிறகு சொன்னார்.

ஈய வாளிகளைத் தூக்கப் போனபோது மேசைக்கு அடியில் இரு மர அறைப் பெட்டிகளைக் கண்டேன். தூசியைத் துடைத்ததும் கையால் கோக்கும் அச்செழுத்துகள். அம்மையாரின் மாமனார் உள்ளூர் வாரப் பத்திரிகையில் அச்சுக்காரராம். அயலவரின் கண்ணுக்கு அது லைனோரைப்பிலும் கடினமான, அந்திமனி மிகுந்த உலோகம். என் கண்ணுக்கு அது வேறொன்று. யாழ்ப்பாணத்தில் எனது முதற் செய்தியை ஓர் அச்சுக்கோப்பாளர் நின்றவாறே ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தார். ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு அறைகள் கொண்ட தமிழ்ப் பெட்டியில் அவர் கை தடுமாறியதை நான் கண்டதில்லை. 1981 ஜூனில் யாழ்ப்பாணத்தில் நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்ட செய்தியைச் சுமந்த தலைமுறை எமது. அச்செழுத்தை உருக்குவது என்ற சொல்லை எம்மால் இலகுவாகக் கேட்க முடியாது.

நான் இரண்டு விடயங்களைச் சொன்னேன். வாளிகளில் இருந்த லைனோரைப் வரிகள் உருக்குவதற்கென்றே வார்க்கப்பட்டவை. இன்று அச்சடித்து, நாளை உருக்கி, மறுநாட் செய்திக்கு வார்ப்பதே அவற்றின் முறை. கையெழுத்து அச்சோ காப்பதற்கென வார்க்கப்பட்டது. தேயாத ஒரு தொகுதியைக் கைவினை அச்சுக்காரர்கள் இன்றும் உலோக விலையிலும் கூடிய விலைக்குத் தேடி வாங்குகின்றனர். ஒரு முறை உருக்கினால் அது ஈயந்தான்.

அயலவர் ஓர் எழுத்தை எடுத்து நகத்தால் வருடிப் பார்த்தார். கடைசற்காரரின் விரல், செம்மையான வேலையை அறியும். பெட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு, "இவற்றை எனக்கு விற்காதீர்கள். அச்சுக்கலை கற்பிக்கும் கல்லூரி ஒன்றைக் கேளுங்கள்" என்று அம்மையாரிடம் சொன்னார்.

ஈய வரிகள் வண்டியில் ஏறின. ஏற்றுவதற்கு முன் சிலவற்றை வாசித்தேன். தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் வாசிக்கும் பழக்கம் இன்னமும் போகவில்லை. தேவாலய விருந்து ஒன்றின் அறிவித்தல், விதை உருளைக்கிழங்கு விளம்பரம், பெயர் மட்டும் எஞ்சிய ஒரு மரண அறிவித்தல். அவை அனைத்தும் இப்போது கடதாசி இலக்குகளைத் துளைத்து, மண் அணையிற் புதைந்திருக்கும்.

எமது நாட்டில் இப்பொழுதுபோக்குக்கு இடமில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கையே வைத்திருக்க முடியாது. அது குறித்து எனக்குக் குறையுமில்லை. சன்னத்தை வேண்டிய அளவு பார்த்துவிட்ட மக்கள் நாம். ஆயினும் மின்கலமும் சீமெந்தும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட காலத்தில், பயிற்சிக் கொப்பித் தாளிற்கூடப் பத்திரிகை அச்சிட்டவர்கள் எமது ஊரில் இருந்தனர். பழைய பொருளின் பெறுமதியை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பழைய பொருளை வாங்கும்போது, அதனை வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார் என்பதையும், விற்பவருக்கு அதன் விலை தெரியாமல் இருக்கலாம் என்பதையும் மனதிற் கொண்டால் போதும். துவக்கைத் தொட விரும்பாத எனக்கு, துவக்குக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொள்ள அவ்வளவு இருந்தது.